தங்கச்சி வீட்டில் விருந்தாளி

அன்புள்ள அண்ணன்,

நான் மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பிறந்தவன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டு, புலமைப்பரிசில் கிடைத்து 2017இல் ஜப்பான் வந்தேன். முதுமாணி முடித்து இரண்டரை வருடத்தில் திரும்புவதாகத்தான் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு கலாநிதிப் பட்டத்துக்கு நீட்டித்தார்கள். கொரோனா வந்தது, நாட்டு நிலைமை வந்தது. இப்போது அதே ஆய்வுகூடத்தில் ஒப்பந்த வேலை. வருகிற மார்ச்சில் முடிகிறது. இன்னும் மூன்று வருடம் தரலாம் என்கிறார் பேராசிரியர்.

கடந்த ஆவணியில் ஊருக்கு வந்தேன். என் அறையில் தங்கச்சியின் பிள்ளைகள். அந்த வீட்டைப் பெருப்பித்ததில் பாதிக் காசு நான் அனுப்பியது. எனக்கு அலுமாரியில் இருந்த விருந்தாளிக் கோப்பையில் சோறு போட்டார்கள். ரோட்டில் கண்டவர்கள் எல்லாம் "எப்ப மனே வந்த, எப்ப போற?" என்று ஒரே மூச்சில் கேட்டார்கள். 2021இல் உரமில்லாமல் வேளாண்மை மஞ்சளாகி நின்றபோது, என்ன செய்யலாம் என்று அப்பா போனில் கேட்டார். நெல்லும் நைதரசனும்தான் என் ஆய்வு. ஆனால் என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன்பிறகு அவர் என்னிடம் வயல்பற்றி எதுவும் கேட்பதில்லை.

விபுலானந்த அடிகள் போன இடத்திலிருந்து திரும்பி வந்தாரே, என்னால் ஏன் முடியவில்லை? வெளிநாடு என்னை ஊருக்கு ஆகாதவனாக்கிவிட்டதா? (பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

ஊர்ப்பெயரையும் எடுத்துவிட்டுக் கடிதத்தைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

முதலில் அந்த அறை. நீங்கள் கட்டுநாயக்க விமான நிலையப் பக்கமே போகாமல், கரடியனாற்றிலோ கல்முனையிலோ ஒரு உத்தியோகம் பார்த்துக்கொண்டு இருந்திருந்தாலும் அந்த அறை உங்களிடம் இருந்திருக்காது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் வழக்கம். குடி என்கிற வம்சம் தாய்வழியில் வருகிறது, வளவும் வீடும் சீதனமாக மகளுக்குப் போகிறது, கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை மனைவி வீட்டில் போய் இருக்கிறான். தகப்பன் வீட்டில் ஆண்பிள்ளைக்கு இருக்கிற உரிமை மணவறை ஏறும்வரைதான். உங்கள் வயதில் ஊரிலேயே இருக்கிற உங்கள் கூட்டாளிகளைக் கேட்டுப் பாருங்கள். அக்கா தங்கச்சி வீட்டுக்குப் போனால் அவர்களுக்கும் அதே விருந்தாளிக் கோப்பைதான். அவர்கள் அதைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதுவதில்லை, ஏனென்றால் பின்னேரம் திரும்பிப் போக அவர்களுக்கு இன்னொரு வீடு இருக்கிறது. உங்களுக்கு அந்த இரண்டாவது வீடு இன்னும் வரவில்லை. அது எங்கேயோ கட்டப்படாமலே கிடக்கலாம், யாரோ ஒரு தகப்பன் இன்றைக்குச் சீமெந்து விலை கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கலாம்.

இந்த வழக்கத்தைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வீடு கட்டி முடியாததால் கல்யாணம் தள்ளிப்போன பெண்பிள்ளைகள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் படிக்கிற ஒரு பெண்பிள்ளை இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும். அவளுக்கு வீடு பூட்டியபடி காத்திருக்கும், ஒவ்வொரு போனிலும் அந்தச் சாவியின் கதை வரும், அது வேறொரு நெருக்கடி. நீங்கள் ஆண்பிள்ளை. நீங்கள் அனுப்பிய காசில் தங்கச்சிக்கு அறை எழும்பியது என்றால், ஒரு தமையன் இங்கே செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறீர்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருந்து ஆயிரக்கணக்கான தமையன்மார் செய்கிற அதே வேலை. வாரத்துக்கு 28 மணித்தியாலம் என்று மாணவருக்கு வேலை வரையறுத்திருக்கிற நாட்டில் இருந்து அதைச் செய்தீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மத்திய கிழக்கை இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய், நீட்டி நீட்டிப் பத்து வருடம் இருந்துவிட்டு வருகிறவரை வரவேற்க ஊருக்குத் தெரியும். பெட்டி இறங்கும், கடன் அடையும், ஒரு முச்சக்கரவண்டியோ சின்னக் கடையோ வரும். அவர் எதற்குப் போனார், என்ன கொண்டுவந்தார் என்பது எல்லோருக்கும் விளங்கும். திரும்பி வந்து வேலை செய்வேன் என்று பொண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போகிற விரிவுரையாளர் கதையும் அப்படித்தான். பிணை நின்றவர் தலையில் காசு விழும் என்கிற பயமே அவரை விமானத்தில் ஏற்றிவிடும். நீங்கள் இரண்டிலும் சேராதவர். முப்பது தாண்டியும் "படிக்கிறான்" என்று சொல்லப்படுகிற ஆண்பிள்ளையை எந்த இடத்தில் வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. அதனால்தான் வந்த திகதியும் போகும் திகதியும் கேட்கிறார்கள். துரத்துகிறார்கள் என்று எடுக்கவேண்டாம், பேச வேறு விஷயம் கிடைக்கவில்லை.

சரி, உரக் கதைக்கு வருகிறேன். கடிதத்தில் உங்களுக்கு உண்மையாக வலிக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. நாட்டில் யூரியா இல்லை, வாங்க டொலரும் இல்லை. அடுத்த வருடம் ஒரு மூட்டை யூரியா 40,000 ரூபாய்வரை போனது. உங்கள் அப்பா போன் எடுத்தது இந்த இடைவெளியில்தான் இருக்கவேண்டும். நட்டுமுடித்த வேளாண்மை மஞ்சளித்து நிற்கும்போது அதற்கு வேண்டியது நைதரசன், அது அந்த நேரம் எவர் கையிலும் இல்லை. இதில் கலாநிதிப் பட்டம் என்ன செய்யும்? நாட்டிலேயே இருந்த விவசாயப் பேராசிரியர்கள், விளைச்சல் விழும் என்று தடை வந்த நாள் முதலே சொன்னார்கள். அவர்கள் நாட்டுக்குள்ளேயே இருந்து சொன்னதையே ஒருவரும் காதில் போடவில்லை. நீங்கள் வயல் வட்டைக்குள் நின்றிருந்தால், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று அந்த மஞ்சளைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் ஒரு பெறுமதி உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பதில் தெரியாமல் நின்றதை வெளிநாட்டின் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால், வெளியில் இருந்ததால் மட்டும் வந்தது என்று சிலதே மிஞ்சும். அவை சின்ன விஷயங்களும் இல்லை.

2019 ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நீங்கள் இங்கே இல்லை. அதன்பிறகு பல மாதங்கள் மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடையில் ஒருவர் ஏறாமல் இருந்த அந்தக் காலத்தின் வாடை உங்களுக்குத் தெரியாது. 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் சிலிண்டரை ரோட்டில் வரிசையாக வைத்துவிட்டுக் காவல் இருந்தவர்களில் நீங்கள் இல்லை. அந்த மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை. டொலர் 200 ரூபாயில் இருந்து இரண்டே மாதத்தில் 360க்குப் போனது. யென்னும் அந்த வருடம் விழுந்தது, ஆனால் ரூபாய் அளவுக்கு விழவில்லை. ஆகவே ஊருக்குச் சோறு குறைந்த அதே மாதங்களில், நீங்கள் அனுப்பிய காசு இங்கே வந்து கூடிற்று. அதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் உங்கள் மச்சானுக்கு இது தெரியும், உங்கள் கூட்டாளிகளுக்கும் தெரியும். அந்த வருடத்தைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பகிடி விட்டுச் சிரிக்கும்போது நீங்கள் சும்மா இருந்து கேட்கவேண்டியதுதான். நானும் பட்டேன் என்று கொரோனாத் தனிமையைப் பற்றி எடுத்துவிடாதீர்கள். ஜப்பானில் அறையில் அடைபட்டிருந்தது கஷ்டம்தான், ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் எடுபடாது.

இன்னொன்று, நீங்கள் இல்லாமல் முடிவெடுக்க வீடு பழகிவிட்டது. வயலைக் குத்தகைக்குக் கொடுப்பதா, அம்மாவின் கண்ணை எங்கே காட்டுவது என்பதெல்லாம் இப்போது மச்சான் பார்க்கிறார். திரும்பி வந்தால் அந்த இடத்தை அவரிடம் இருந்து பிடுங்க நினைக்கவேண்டாம். அவர் அந்த வீட்டு மருமகன், இந்தப் பக்கத்து வழக்கப்படி அவருக்குத்தான் அந்த இடம்.

விபுலானந்த அடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைத் திரும்பி வந்தவர்களின் வரிசையில் முதலாவதாக நிறுத்துவது எங்கள் மேடைகளின் பழக்கம். காரைதீவில் 1892இல் பிறந்தவர். சென்னையில் துறவு பூண்டு வந்து கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார், திரும்பி வந்தார், பிறகு இமயமலையில் மாயாவதி ஆசிரமத்துக்குப் போய்ப் பத்திரிகை ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அழைத்தபோது கொழும்புக்கு வந்தார். 1947இல் அங்கேதான் காலமானார். சமாதிதான் கல்லடியில். இதில் எந்த இடத்தில் அவர் காரைதீவுக்குத் திரும்பிப் போய் இருந்தார்? எங்கே வேலை இருந்ததோ அங்கே போனார், வேலை இங்கே இருந்தபோது இங்கே வந்தார். அதோடு, துறவிக்குச் சீதன வீட்டுக் கவலையும் கிடையாது. அவரை வைத்து உங்களை அளக்கவேண்டாம்.

ஆகவே திரும்புவதா வேண்டாமா என்பதற்கு, என்ன வேலைக்குத் திரும்புகிறீர்கள் என்று பார்த்துத்தான் பதில் சொல்லமுடியும். அம்மாவின் கண்ணீருக்காக வந்தவர்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வருடம் அவர்களே வீட்டுக்குள் கனத்துப்போகிறார்கள், அம்மாவே போகச் சொல்கிறாள். வந்தாறுமூலையில் இடம் விழுமா, பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆள் எடுப்பார்களா என்பதை அங்கிருந்தே விசாரியுங்கள். அரச உத்தியோகங்களின் வயதெல்லையையும் பாருங்கள். மூன்று வருடத்தை ஒரேயடியாக ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு வருடம் கேளுங்கள். அந்த ஒரு வருடத்துக்குள் ஐப்பசியில் விதைப்புக்கு வந்து மாசியில் வெட்டு முடிய நிற்கிறமாதிரி ஒரு வேலையைப் பேராசிரியரிடம் கேளுங்கள். ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு வந்து பார்த்த ஊரை வைத்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. அது விருந்தாளிகளின் மாதம், யாரையும் அப்படித்தான் நடத்துவார்கள். மாரியில் ரோட்டுக்கு மேலால் தண்ணி போகும்போது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும்போது, மச்சானோடு வயல் வாடியில் யானைக்குக் காவல் இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நாலு மாதம் தங்கச்சி வீட்டில் இருந்தால் விருந்தாளிக் கோப்பை தானாகவே அலுமாரிக்குள் போய்விடும்.

அந்த வேலை என்னவாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. நான் உங்கள் துறைக்காரன் இல்லை, தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு வயலில் ஒரு துண்டுக்கு மட்டும் உரம் போடாமல் விட்டு, மற்றதோடு ஒப்பிட்டு அளப்பதை ஆராய்ச்சிக்காரர்கள் செய்வார்கள் அல்லவா? 2021 பெரும்போகத்தில் உங்கள் அப்பாவின் வட்டை முழுவதுமே அப்படி ஒரு துண்டாகக் கிடந்தது. உங்கள் பேராசிரியரால் எந்த நாட்டிலும் அனுமதி வாங்கிச் செய்யமுடியாத பரிசோதனை அது, உங்கள் வீட்டுச் செலவிலேயே நடந்து முடிந்திருக்கிறது. வாவிக்கரைப் பக்கம் எந்த வயல் எவ்வளவு கொடுத்தது, குளத்துக்குக் கீழே எது தப்பியது, மாட்டுப்பட்டி அடைத்த வயலில் பயிர் எப்படி நின்றது, சேதனப் பசளை என்று கொடுத்ததை யார் போட்டார்கள், யார் வரம்பில் கொட்டிவிட்டு வந்தார்கள் என்பதெல்லாம் அப்பாவுக்கும் வயல் தண்ணீர் பார்க்கிற வட்டவிதானையாருக்கும் மனப்பாடம். எங்கேயும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் வயது போகிறது.

இந்த முறை போன் எடுக்கும்போது நீங்கள் அவரிடம் கேளுங்கள். அந்தப் போகத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை அவர் சொல்வார். பக்கத்துக் காணிக்காரர்களின் கணக்கையும் வாங்கித் தரச்சொல்லுங்கள், ஆலைக்காரன் கொடுத்த சிட்டைகள் யாரிடமாவது கிடக்கும். இரண்டு மூன்று பக்கம் சேர்ந்ததும் மொழிபெயர்த்துப் பேராசிரியரிடம் காட்டுங்கள். மார்ச்சுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.