கிட்டார் முடிக்கும் வரி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய ஸ்லைடு கிட்டார் (கம்பிமேல் கத்தியோ பாட்டில் கழுத்தோ இழைத்து வாசிப்பது) ப்ளூஸ் பதிவுகளைப் பற்றி ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். ஒரு மாதமாகக் கேட்டுப் பார்க்கிறேன். வாணலியில் எண்ணெய் காய்வதுபோல ஓர் இரைச்சல், அதற்குப் பின்னால் யாரோ முனகுகிறார்கள். எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது. கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த இழைப்பும் புதிதில்லை. பழசு என்பதாலேயே கொண்டாடுகிறார்களோ?

கே., கோவை

அன்புள்ள கே.,

இரைச்சல் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். 1930-ல் ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸைப் பதிவு செய்த பாரமவுண்ட் இசைத்தட்டுக் கம்பெனி, அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலிக் கம்பெனியின் கிளை. கிராமஃபோன் பெட்டி செய்து விற்றவர்கள், அதில் போட்டுக் கேட்க ஏதாவது வேண்டுமே என்று இசைத்தட்டிலும் இறங்கினார்கள். அரக்குக் கலவை மட்டம். மூல அச்சுகளில் பெரும்பாலானவை மிஞ்சவில்லை. யார் வீட்டிலோ ஓடித் தேய்ந்த தட்டுகளிலிருந்து எடுத்ததைத்தான் நாம் கேட்கிறோம். அந்தக் கரகரப்பையே அழகு என்று சொல்லும் சேகரிப்பாளர்களோடு எனக்கும் ஒத்துப்போவதில்லை.

ஆனால் அந்த முனகலை விட்டுவிடாதீர்கள். அங்கேதான் சரக்கு இருக்கிறது.

பிளைண்ட் வில்லி ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கறாராகப் பார்த்தால் அவர் ப்ளூஸ் பாடகரே அல்ல. பார்வையற்றவர், டெக்சாஸ் ஊர்த் தெருக்களில் கிறிஸ்தவப் பாடல்கள் பாடியவர். 1927 டிசம்பர் 3 அன்று டாலஸில் கொலம்பியா கம்பெனிக்காக 'டார்க் வாஸ் தி நைட், கோல்ட் வாஸ் தி கிரவுண்ட்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு என்கிறேன், அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. தலைப்பு, ஏசு கைதாவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்து இரவைப் பாடும் பதினெட்டாம் நூற்றாண்டுத் துதிப்பாடல் ஒன்றின் முதல் வரி. சொற்களை உதிர்த்துவிட்டு ஹம்மிங் மட்டும் வைத்திருக்கிறார். தொண்டை ஓர் இழுப்பைத் தொடங்கும், கம்பி அதை வாங்கிக்கொள்ளும். எங்கே கைமாறியது என்று பத்து முறை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய மற்றப் பாட்டுகளில் இதையே இன்னும் துணிச்சலாகச் செய்வார். வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டுவிடுவார். கிட்டார் அதைச் சொல்லிவிடும். (வாயேஜர் விண்கலத்தில் 1977-ல் அனுப்பிய தங்கத் தட்டில் இந்தப் பதிவும் இருக்கிறது. அதற்காகக் கேட்க வேண்டாம்.)

இது எப்படி முடிகிறது? சும்மா மீட்டினாலே ஒரு கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒலிக்கும்படி கம்பிகளைச் சுருதி கூட்டிக்கொள்கிறார்கள். பிறகு கத்தியோ, விரலில் மாட்டிய பாட்டில் கழுத்தோ கம்பியைக் கிட்டாரின் கழுத்தோடு சேர்த்து அழுத்தாமல் மேலே மிதந்து போகிறது. கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் கட்டைகளுக்கு இடையே எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். சின்ன காந்தாரமும் இல்லாமல் பெரிய காந்தாரமும் இல்லாமல் நடுவே ஓர் இடத்தில் ப்ளூஸ் பாடகரின் குரல் போய் உட்காருமே, அங்கே கிட்டாரும் போய் உட்கார முடிகிறது. 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில், கறுப்பின மனிதர் ஒருவர் கம்பியில் கத்தியை அழுத்தி வாசித்து, ஒரே வரியை மூன்று முறை பாடக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஹவாய்க்காரர்கள் வாசிப்பதுபோல இருந்தது என்கிறார்.

இதைக் கோட்டுவாத்தியத்தோடு ஒப்பிடலாம், ஓரளவுக்கு. அங்கே ராகத்தின் பிடி உடையாமல் போகவேண்டும். கம்பிமேல் நகர்த்தும் கட்டை உரசும் சத்தம் கேட்டால் குறை. இங்கே கத்தி கிட்டாரில் இடிக்கும் கடகடப்பும் சேர்ந்ததுதான் வாசிப்பு. கட்டைவிரல் தாளம் போடுகிறது, மேல்கம்பி பாடுகிறது. சன் ஹவுஸ் கம்பியை மீட்டுவதில்லை, அடிக்கிறார்.

எல்லாம் ஒன்றுபோல இருப்பதாகச் சொல்கிறீர்கள். மெட்டுகள் நிஜமாகவே ஒன்றுக்கொன்று உறவுதான், ஒளிப்பானேன். ஆனால் இவை பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் தட்டுகளாக வந்தவை. இருபதை வரிசையாக ஓடவிட்டால் யாருக்கும் சலிக்கும். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

ஒரு குறுக்குவழியும் உண்டு. சன் ஹவுஸ் இசையை விட்டுவிட்டுப் பல வருடம் கிடந்தவர். 1964-ல் நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தன் பழைய வாசிப்பையே அவர் திரும்பப் பழகவேண்டியிருந்தது. மறுவருடம் கொலம்பியாவுக்குப் பாடினார். ஒலி சுத்தமாக இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள், அந்தக் குரல் காதில் படியட்டும். பிறகு 1930-க்குப் போங்கள். அப்போதும் எண்ணெய்தான் காய்கிறது என்றால் எழுதுங்கள்.