நாக்கில் தொடங்கிய கண்டிப்பு

கேள்வி: ‘ஆஸ்டெரிட்டி’ என்பதைச் செய்திகளில் ‘சிக்கன நடவடிக்கை’ என்கிறார்கள். அகராதியிலோ கண்டிப்பு, கடுமை, தவ ஒழுக்கம் என்றெல்லாம் இருக்கிறது. எது சரி? வேர்ச்சொல் எது?
- வாசகர், கரூர்

பதில்: எல்லாமே சரி, இடம் பார்த்துப் போட வேண்டும். பண்டைய கிரேக்கத்தில் ‘அவுஓஸ்’ என்றால் உலர்ந்தது. அதிலிருந்து வந்த ‘அவுஸ்தேரோஸ்’ ஒரு சுவையின் பெயர்: துவர்ப்பு. காயாக இருக்கும் நாவற்பழத்தைக் கடித்துப் பாருங்கள். அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, வழவழப்பு போய் நாக்கு சொரசொரக்கும். கிரேக்க மருத்துவர்கள் துவர்ப்பிலும் தரம் பிரித்தார்கள். மிதமானது அவுஸ்தேரோஸ், வாயையே இழுத்துப் பிடிப்பது ‘ஸ்த்ரூப்னோஸ்’. இனிப்பில்லாத திராட்சை மதுவுக்கும் முதல் சொல்லே வழங்கியது.

பிறகு அது மனிதர்மேல் ஏறியது. லூக்கா 19:21இல் ஊழியக்காரன் தன் எஜமானைச் சொல்வது இந்தக் கிரேக்கச் சொல்லால்தான். தமிழ் வேதாகமத்தில் ‘கடினமுள்ள மனுஷன்’. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் கண்டிப்பு, துறவியரின் ஒறுத்தல் என்றே பொருள்.

பணத்தோடு அதை இறுகக் கட்டியது இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டன். 1941 ஜூன் 1 முதல் துணிக்குப் பங்கீட்டுக் கூப்பன், முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66. 1942இல் ‘ஆஸ்டெரிட்டி’ விதிகள் வந்து ஆண்களின் கால்சட்டை விளிம்பை மடித்துத் தைக்கத் தடை போட்டன. பை, பொத்தான் எண்ணிக்கைக்கும் வரம்பு. உணவுப் பங்கீடு முழுதாக நீங்க 1954 ஜூலை ஆயிற்று. 2010இல் ஐரோப்பியக் கடன் நெருக்கடி அச்சொல்லை மீண்டும் தலைப்புச் செய்தியாக்கியது. வேடிக்கை என்னவென்றால், அதில் அதிகம் அடிபட்ட கிரேக்கர்கள் அந்தக் கொள்கையை அப்படி அழைப்பதில்லை. அவர்களுக்கு அது ‘லித்தோத்திதா’, எளிமை. பழைய அவுஸ்தேரோஸ் இன்று ‘அஃப்ஸ்திரோஸ்’ என ஒலித்து, அங்கே கண்டிப்பான ஆளைத்தான் குறிக்கும்.

மொழிபெயர்ப்பில் சறுக்குவது இங்கேதான். அரசு செலவைக் குறைத்தால் சிக்கன நடவடிக்கை. ஆசிரியரைச் சொன்னால் கண்டிப்பானவர். ‘சிக்கனமான ஆசிரியர்’ என்றால் கஞ்சர் என்று படித்துவிடுவார்கள். அறையைச் சொன்னால் ஆடம்பரமற்றது. துறவியைச் சொன்னால் தவ ஒழுக்கம், நோன்பு.

தமிழிலும் ‘துவர்தல்’ என்றால் உலர்தல். குமரி மாவட்டத்தில் துண்டைத் ‘துவர்த்து’ என்பார்கள். அதற்காகக் கிரேக்கத்தோடு உறவு கொண்டாட வேண்டாம், கருத்து மட்டுமே ஒத்துப்போகிறது.

கேள்வி: ஆஸ்திரேலியாவுக்கும் இதே வேரா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. அது ‘தெற்கத்திய’ என்னும் லத்தீன் ‘ஆஸ்திராலிஸ்’.