550-க்கு 0: மிச்சிகன் அணியின் 1901 சீசன்

கேள்வி: அண்ணே, சீசன் முழுக்க எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கலைன்னு சொல்றாங்களே, கதையா நிஜமா?

நிஜம்தான் தம்பி. அமெரிக்கன் ஃபுட்பால், மிச்சிகன் பல்கலைக்கழகம், 1901. 11 ஆட்டம், 11 வெற்றி, 550-0. ஆனா அந்த 550-ஐப் பார்த்து ரொம்பவும் மலைக்க வேண்டாம். பஃபலோவை 128-0, பெலாய்ட்டை 89-0ன்னு அடிச்சதுலயே 217 வந்துடுது. என்னைக் கேட்டா, சிகாகோவை 22-0, ஒஹாயோ ஸ்டேட்டை 21-0ன்னு ஜெயிச்சதுதான் பெருசு.

கேள்வி: அப்போ டச் டவுனுக்கு எத்தனை புள்ளி? இன்னைக்கு மாதிரி 6-ஆ?

5 தான். பந்தை எதிரணியோட எல்லைக்கோட்டுக்கு அப்பால கொண்டுபோனா அது டச் டவுன். பந்தை உதைச்சு கோல் கம்பத்துக்கு நடுவுல அனுப்புற ஃபீல்டு கோலுக்கும் 5. மைதானம் 110 கெஜம். மூணு முயற்சிக்குள்ள 5 கெஜம் முன்னேறலைன்னா பந்து எதிரணிக்குப் போயிடும். பந்தை முன்னோக்கி எறியவே கூடாது. அதுக்கு 1906-லதான் அனுமதி வந்தது. அதனால ஆட்டமே கும்பலா மோதி இடிச்சுத் தள்றதுதான். கோச் ஃபீல்டிங் யோஸ்ட் அதுல வேகத்தைக் கொண்டுவந்தார். ஆளுங்க மண்ணைத் தட்டிக்கிட்டு எழுந்திருக்கிறதுக்குள்ள அடுத்த முயற்சிக்கான சிக்னலைக் கொடுத்துடணும். அவருக்குப் பட்டப்பேரே 'ஹரி அப்' யோஸ்ட்.

கேள்வி: முதல் ரோஸ் பவுல்ல ஆடினது இந்த டீம்தானே சார்?

இதேதான். ரோஸ் பவுல்ங்கிறது புத்தாண்டு விழாவோட நடத்துற ஃபுட்பால் ஆட்டம். 1902 ஜனவரி 1, கலிபோர்னியாவுல பாசடேனா. எதிர்ல ஸ்டான்ஃபோர்டு. வேடிக்கை என்னன்னா, 1900-ல ஸ்டான்ஃபோர்டுக்கு யோஸ்ட்தான் கோச். எங்க கல்லூரியில படிச்சவர்தான் கோச்சா இருக்கணும்னு முடிவு பண்ணி அவரை விட்டுட்டாங்க. அந்தக் கணக்கு அன்னைக்குத் தீர்ந்தது!

முதல் பாதி 17-0. ரெண்டாம் பாதியில அணையே உடைஞ்சது. நீல் ஸ்னோ ஒருத்தரே 5 டச் டவுன். மிச்சிகன்ல இறங்கின 11 பேரே கடைசிவரை ஆடினாங்க, ஒரு மாற்று ஆளும் இல்லை. ஸ்டான்ஃபோர்டுக்கோ அடிபட்டவங்க வரிசையா வெளியே போயிட்டாங்க. 49-0ன்னு இருக்கும்போது, இன்னும் 8 நிமிஷம் பாக்கி, அவங்க கேப்டன் ரால்ஃப் ஃபிஷர் வந்து "இதோட நிறுத்திக்கலாமா"ன்னு கேட்டார். மிச்சிகன் கேப்டன் ஹியூ ஒயிட் ஒத்துக்கிட்டார். நம்ம ஊர் கிரிக்கெட்ல டிக்ளேர் பண்றது ஜெயிக்கிறவன்; இங்கே தோத்தவன் டிக்ளேர் பண்ணியிருக்கான்.

கேள்வி: அப்படின்னா ரோஸ் பவுல் வருஷாவருஷம் நடந்துச்சா?

எங்கே! இப்படி ஒருதலைப்பட்சமா முடிஞ்சா எவன் டிக்கெட் வாங்குவான்? விழா நடத்தினவங்க ஃபுட்பாலையே கைவிட்டுட்டு, கொஞ்ச வருஷம் ரதப் பந்தயம்கூட நடத்தினாங்க. ஃபுட்பால் திரும்ப வந்தது 1916-ல.

கேள்வி: மிச்சிகன் எப்போதான் தோத்துச்சு?

1901-ல இருந்து 56 ஆட்டம் தோல்வியே இல்லை. நடுவுல 1903-ல மினசோட்டாவோட 6-6 டிரா மட்டும்தான். 1905 கடைசி ஆட்டத்துல சிகாகோகிட்ட தோத்தாங்க. ஸ்கோர்? 2-0. ஒரே ஒரு சேஃப்டி, அதாவது பந்து வச்சிருக்கிறவரை அவரோட சொந்த எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினா எதிரணிக்குக் கிடைக்கிற 2 புள்ளி.