அம்மாவின் மூளைக்கட்டிக்கு ஜீன் ஊசி: முன்பணம் கட்டலாமா?

அம்மாவுக்குக் கையில் ஜீன் ஊசி போடலாம் என்று ஒரு தரகர் முன்பணம் கேட்பதாகச் சொன்னீர்கள். கட்டாதீர்கள். கிளியோபிளாஸ்டோமா என்ற இந்த மூளைப் புற்றுக்கட்டிக்குக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் ஜீன் ஊசி இங்கே வழக்கமான சிகிச்சையில் கிடையாது. ஜப்பான் 2021இல் டெலிடாக்ட் மருந்துக்கு நிபந்தனையோடு அனுமதி தந்தது. மரபணு மாற்றிய ஹெர்பெஸ் வைரஸ் அது; கட்டிக்குள்ளேயே நேராகச் செலுத்துவார்கள், அந்தத் தரகர் சொல்வதுபோலக் கையில் அல்ல. பெரிதாக நம்பப்பட்ட இன்னொரு ஜீன் சிகிச்சையான டோகா 511, 2019இல் மூன்றாம் கட்ட ஆய்வில் ஆயுளைக் கூட்டவில்லை.

ஜீன் என்ற குழப்பம் பயாப்சி ரிப்போர்ட்டிலிருந்து வந்திருக்கலாம். அதில் ஐடிஎச், எம்ஜிஎம்டி என்று இருக்கிறதா பாருங்கள். அவை மரபணுப் பரிசோதனைகள், சிகிச்சை அல்ல. ஆனால் முக்கியமானவை: எம்ஜிஎம்டி மெத்திலேஷன் (அந்த ஜீன் முடக்கப்பட்டிருப்பது) இருந்தால் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம். பரிசோதனை செய்யவில்லை என்றால் டாக்டரிடம் இன்றே கேளுங்கள்.

இது ஆய்வு என்று தரகர் சொன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஆய்வின் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண். மருந்து ஆய்வுகள் அதில் பதிவாகியே ஆக வேண்டும், இணையத்தில் யாரும் தேடலாம். எண் இல்லையா, பேச்சை அதோடு முடியுங்கள். முறையான ஆய்வில் ஆய்வு மருந்துக்குப் பணம் வாங்கக் கூடாது.

இதற்காக ரேடியேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து. ஆபரேஷன் முடிந்து பொதுவாக 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்குவார்கள். நீங்கள் இருக்கும் தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தானே, இரண்டாவது கருத்துக்கு அங்கே நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எம்ஆர்ஐ சிடியோடு, திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. கட்டி வேறு வகையாக இருந்தால் மாத்திரையும் மாறலாம், அதை அங்கே உறுதி செய்துகொள்ளுங்கள்.