மெட்ரோ கதவு மூடினதும் மூச்சு நின்னுடும் போல இருக்கு அக்கா

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு. வீடு தண்டையார்பேட்டை, வேலை பாரிஸ் கார்னர்ல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல. ரெண்டு மாசம் முன்னாடி காலைல மெட்ரோல போறப்ப, வண்ணாரப்பேட்டை தாண்டினதும் திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்க ஆரம்பிச்சுது, மூச்சு பத்தல, விரல் எல்லாம் மரத்துப் போச்சு, செத்துடப்போறேன்னே நெனச்சிட்டேன். மண்ணடில இறங்கி உக்காந்து அழுதேன். ஆஸ்பத்திரில இசிஜி, ரத்த டெஸ்ட், தைராய்டு எல்லாம் பாத்துட்டு ஹார்ட்டுல ஒண்ணும் இல்ல, பேனிக் அட்டாக்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் இன்னும் நாலு தடவை வந்துடுச்சு. மெட்ரோவை விட்டுட்டு பஸ்ல போறேன், நேத்து பஸ்லயும் வர்ற மாதிரியே இருந்துச்சு. அந்த நேரத்துல என்னை நானே எப்படி சமாளிக்கிறது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தங்கச்சி, உங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன். ஏன்னா எனக்கும் இது வந்திருக்கு. பல வருஷம் முன்னாடி, தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கு, எம்.சி. ரோட்ல கூட்டம், கைல துணிப்பை, அப்படியே நடு ரோட்ல உலகமே தள்ளிப் போன மாதிரி ஆயிடுச்சு. ஓரமா ஊக்கு, ஹேர்பின் வித்துட்டிருந்த ஒரு அம்மா என்னை இழுத்து அவங்க முக்காலில உக்கார வச்சாங்க. தண்ணி குடுத்தாங்க, குடிக்க முடியல. உடனே ஒரு ஊக்கு அட்டையை கைல குடுத்து "இதுல எத்தினி ஊக்கு கீதுன்னு எண்ணிச் சொல்லு பாப்பா"ன்னாங்க. எண்ணினேன். தப்பா எண்ணுறேன்னு திரும்ப எண்ணச் சொன்னாங்க. மூணாவது தடவை எண்ணும்போது கை நடுக்கம் கொறைஞ்சிருந்துச்சு. அந்தம்மா எந்தப் புஸ்தகமும் படிச்சு அதைச் செய்யல, ஆனா இன்னிக்கு கவுன்சிலிங்ல நாங்க சொல்லித் தர்றதும் இதேதான்.

முதல்ல உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்கங்க, பாதி பயம் அதுலயே இறங்கும். மூளை தப்பா ஒரு ஆபத்து மணியை அடிச்சிடுது, அட்ரினலின் ரத்தத்துல இறங்குது, நாய் துரத்துனா ஓடுறதுக்கு உடம்பு எப்படி ரெடியாகுமோ அப்படி ரெடியாகுது, ஆனா அங்க நாயும் இல்ல ஓடவும் இடமில்ல. நீங்க வேக வேகமா மூச்சு வாங்குறீங்க, அதனால ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு கொறைஞ்சிடுது. விரல் மரத்துப் போறது, தலை சுத்துறது, வாய் ஓரம் குறுகுறுங்கிறது எல்லாம் பெரும்பாலும் அதனாலதான். மூச்சு பத்தலன்னு தோணுது, உண்மைல மூச்சு அதிகமா போயிட்டிருக்கு. அதான் பக்கத்துல இருக்கிறவங்க "நல்லா இழுத்து மூச்சு விடு"ன்னு சொல்றப்ப இன்னும் மோசமாகுது.

அதனால இழுக்கிறதை விடுங்க, விடுறதைப் பாருங்க. சூடான டீயை கிளாஸ்ல வச்சு ஊதுவோம்ல, உதட்டைக் குவிச்சு மெதுவா, அந்த மாதிரி ஊதுங்க. மூக்கு வழியா நாலு எண்ணுற வரைக்கும் சாதாரணமா உள்ள, ஊதுறது ஆறு எண்ணுற வரைக்கும். வயித்து மேல ஒரு கை வச்சிக்கங்க, நெஞ்சு தூக்கக் கூடாது, வயிறுதான் அசையணும். ரெண்டு மூணு நிமிஷம் விடாம செய்யணும், நாலு மூச்சு விட்டுட்டு ஒண்ணும் ஆகலையேன்னு விட்டுடாதீங்க. வீட்ல நல்லா இருக்கிற நேரத்துலயே தினம் ராத்திரி பழகிக்கங்க, அட்டாக் வர்ற நேரத்துல புதுசா கத்துக்க முடியாது. பேப்பர் பையில மூச்சு விடச் சொல்லி சில பேர் சொல்வாங்க, அது வேணாம், ஆஸ்துமாவோ இதயப் பிரச்சனையோ இருந்தா ஆபத்து.

அடுத்தது, கண்ணையும் கையையும் வேலைக்கு விடுங்க. எதிர்ல தெரியுற 5 பொருள், தொட்டுப் பாக்குற 4, காதுல கேக்குற 3, மூக்குக்கு வர்ற 2, வாய்ல இருக்கிற ருசி 1. மெட்ரோல கம்பியோட ஜில்லுப்பு, அடுத்த ஸ்டேஷன் பேர் சொல்ற குரல், பக்கத்து அக்கா தலைல வச்சிருக்கிற மல்லி. ஒவ்வொண்ணா பேர் சொல்லி மனசுக்குள்ள எண்ணுங்க. ஜில்லுனு தண்ணி பாட்டில் இருந்தா கன்னத்துல, கண்ணுக்குக் கீழ வைங்க, இறங்கின பிறகு முகத்தைக் கழுவுங்க, முகத்துல குளிர்ச்சி பட்டா நாடித் துடிப்பு கொறையும், உடம்போட இயல்பு அது.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறதைச் சொல்றேன். அதை விரட்டாதீங்க. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல மாட்டியிருப்பீங்க இல்ல? கூட்ஸ் வண்டி போயிட்டே இருக்கும், முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் எடுக்க முடியாது. ஹாரன் அடிச்சா கேட் திறக்காது. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருப்போம், கடைசிப் பெட்டி போனதும் திறந்துடும். பேனிக்கும் பொதுவா 10 நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போயிடும், அப்புறம் 20, 30 நிமிஷத்துல இறங்கிடும். "வந்துட்டியா, சரி இரு"ன்னு சொல்லிட்டு ஊதிட்டே இருங்க. மயங்கி விழுந்துடுவேனோன்னு பயப்படுறீங்க, அதுவும் ரொம்ப அபூர்வம், ஏன்னா மயக்கம் வரணும்னா பிரஷர் இறங்கணும், பேனிக்ல பொதுவா ஏறத்தான் செய்யும்.

நீங்க மண்ணடில இறங்கினது தப்புன்னு சொல்ல மாட்டேன் தங்கச்சி, அந்த நேரத்துல யாரா இருந்தாலும் இறங்கியிருப்பாங்க. ஆனா இறங்கினதும் ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அந்த நிம்மதிதான் மூளைக்கு "ட்ரெயின்தான் ஆபத்து, இறங்கினதாலதான் பொழைச்சோம்"னு தப்பான பாடம் சொல்லிக் குடுத்துச்சு. இன்னிக்கு ட்ரெயின், நாளைக்கு பஸ், அப்புறம் லிஃப்ட், அப்புறம் வீட்டு வாசப்படின்னு அது ஒவ்வொண்ணா உங்ககிட்டேர்ந்து பிடுங்கும். விடாதீங்க. கூட்டம் இல்லாத ஞாயித்துக்கிழமை காலைல தண்டையார்பேட்டைல ஏறி தியாகராயா கல்லூரி வரைக்கும், ஒரே ஒரு ஸ்டேஷன், கூட யாரையாவது கூட்டிட்டுப் போங்க. பயம் வரும், வரட்டும், கொஞ்சம் இறங்குற வரைக்கும் அங்கயே நில்லுங்க. அடுத்த வாரம் வண்ணாரப்பேட்டை. அப்புறம் மண்ணடி, ஹைகோர்ட். அப்புறம் தனியா. வெறும் வயித்துல ரெண்டு காபி குடிச்சிட்டு ஓடுறதையும் நிறுத்துங்க, படபடப்பை அதுவே கிளப்பி விடும்.

தனியா முடியலன்னா உதவி கேளுங்க. 14416, டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச அரசு லைன், காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, 1794ல ஆரம்பிச்ச மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்துல இருக்கு. கீழ்ப்பாக்கம்ங்கிற ஊர்ப் பேரையே நம்ம ஆளுங்க திட்டு வார்த்தை ஆக்கி வச்சதுல எத்தனை பேர் டாக்டர்கிட்ட போகாமயே கஷ்டப்பட்டாங்களோ, நெனச்சா மனசு வலிக்குது.

கேள்வி: பேனிக்குக்கு மாத்திரை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: ரெண்டு வகை இருக்கு. பதற்றம், மனச்சோர்வுக்கு தினமும் சாப்பிடுற எஸ்எஸ்ஆர்ஐங்கிற வகை வேலை செய்ய சில வாரம் ஆகும், அதுக்கு அடிமையாக மாட்டீங்க, ஆனா நீங்களா பட்டுனு நிறுத்தக் கூடாது, டாக்டர் மெல்லக் கொறைச்சு நிறுத்துவாங்க. சாப்பிட்ட உடனே அமைதியாக்குற தூக்க மாத்திரை வகைதான் பழகிடும். யாரோ குடுத்தாங்கன்னு அதை மட்டும் வாங்கிப் போடாதீங்க.

கேள்வி: அக்கா, நான் வியாசர்பாடில ஆட்டோ ஓட்டுறேன். என் வொய்ஃபு நைட்டு தூக்கத்துலேர்ந்து எழுந்து நெஞ்சு அடைக்குதுன்னு கத்துது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயி எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்றாங்க. அக்கம்பக்கத்துல காத்து கருப்புன்றாங்க. நான் "ஒண்ணுமில்ல, படு"ன்னா எம்மேல கோவப்படுது.

பதில்: தம்பி, தூக்கத்துலயும் பேனிக் வரும், நெறைய பேருக்கு வருது. டாக்டர் ஒண்ணுமில்லன்னது இதயத்தை, உங்க வீட்டம்மாவுக்கு அந்த நேரம் உயிர் போற பயம். அதனால "ஒண்ணுமில்ல"ங்கிற வார்த்தையை மட்டும் விட்டுடுங்க. "நான் இங்கதான் இருக்கேன், போன தடவையும் இப்படித்தான் வந்துச்சு, போயிடுச்சு"ன்னு மெதுவா சொல்லுங்க. உலுக்காதீங்க, சுத்தி ஆளைக் கூட்டாதீங்க, கையைப் பிடிக்கலாமான்னு கேட்டுட்டுப் பிடிங்க, நீங்களே வாயைக் குவிச்சு சத்தமா ஊதுங்க, அவங்க மூச்சு உங்க மூச்சோட சேரும். கோயிலுக்குப் போனா மனசுக்கு ஆறுதல்னா போயிட்டு வாங்க, ஆனா வேப்பிலை அடிக்கிறது, புகை போடுறது வேணாம், மூச்சு திணறுற ஆள் முன்னாடி புகையைப் போட்டா என்ன ஆகும்? டாக்டர் வைத்தியத்தையும் விட்டுடாதீங்க. வலி இடது கைக்கோ தாடைக்கோ போனா, நடந்தாலோ மாடி ஏறினாலோ வந்தா, நெஜமாவே மயங்கி விழுந்தா, அப்ப பேனிக்னு உக்காந்திருக்காம உடனே 108.

நீங்க சவாரில இருக்கும்போது போன் வந்தா "தோ வந்துட்டேன்"னு வேகமா ஓட்டிட்டு வராதீங்க. வண்டியை ஓரம் கட்டுங்க. போன்லயே கூட சேர்ந்து ஊதுங்க. அந்தப் பக்கம் அவங்க மெதுவா ஊதுற சத்தம் காதுல விழுற வரைக்கும் போனை வைக்காதீங்க.