பாதி அளவு கிரம்பிள் பார் ஏன் சொதப்புகிறது?

கேள்வி: வீட்டில் நாங்கள் இரண்டே பேர். 20 செ.மீ. சதுர டின்னுக்கான பழ ஓட்ஸ் கிரம்பிள் பார் (அடியில் அமுக்கிய மாவு, நடுவில் பழம், மேலே உதிர்த்த மாவு வைத்து ஓவனில் சுடுவது) செய்முறையைப் பாதியாக்கிச் செய்தேன். முதல் தடவை 13 செ.மீ. அகலமுள்ள வட்டக் கண்ணாடிப் பாத்திரத்தில், செய்முறையில் இருந்தபடி 40 நிமிடம் வைத்தேன். மேலே சிவந்துவிட்டது, வெட்டினால் அடியில் கூழ். அடுத்த தடவை அந்த 20 செ.மீ. டின்னிலேயே பரப்பினேன், காய்ந்து, முறுகி, தொட்டாலே உடைந்தது. சின்ன அளவுக்கென்றே ரெடி மிக்ஸும் தனி டின்னும் விற்கிறார்கள், அது இருந்தால்தான் சரியாக வரும் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டையும் வாங்காதீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஏதும் இல்லை. மாவையும் பழத்தையும் பாதியாக்கினீர்கள், டின்னின் பரப்பைப் பாதியாக்கவில்லை. முக்கியமாக நடந்தது அதுதான்.

கணக்கு எளிது. 20 செ.மீ. சதுர டின்னின் அடிப்பரப்பு 400 சதுர செ.மீ. பாதி அளவு மாவுக்கு 200 வேண்டும். உங்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் இருப்பது சுமார் 133. அதனால் மாவும் பழமும் ஒன்றரை மடங்கு தடிமனாக நின்றன. சூடு நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் மேல் பக்கம் சிவந்து முடிந்தது. மறுமுறை 400 சதுர செ.மீ.யில் பரப்பியபோது தடிமன் பாதியாகி, பழச்சாறு வற்றி, மாவு காய்ந்தது. இரண்டு தடவையும் ஓவனில் போன நேரம் மட்டும் மாறவில்லை.

200 சதுர செ.மீ.க்கு எங்கே போவது? ரொட்டி டின் இருந்தால் எடுத்து, அடிப்பாகத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அடி 20 × 10 செ.மீ. என்றால் கச்சிதம். வாயை அளக்காதீர்கள்; ரொட்டி டின்னின் சுவர் சரிவாக இருக்கும், பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வாயின் அளவு. 14 செ.மீ. சதுரமும், 16 செ.மீ. வட்டமும்கூடச் சரிதான். இவை எதுவும் இல்லையா? அதே 20 செ.மீ. டின்னை எடுங்கள். அலுமினியத் தாளை ஐந்தாறு மடிப்பாக மடித்து, பட்டையாக்கி, டின்னின் நடுவில் குறுக்குச் சுவராக நிறுத்துங்கள். சாயாமல் இருக்க மறுபக்கம் ஓவனில் வைக்கக்கூடிய சின்னக் கிண்ணம் ஒன்றை முட்டுக் கொடுங்கள். இந்தப் பக்கம் பேக்கிங் தாளை விரித்து மாவை அமுக்குங்கள். கிரம்பிள் மாவு கேக் மாவைப் போல ஓடாது, அமுக்கிய இடத்தில் நிற்கும். சின்ன அளவுக்குத் தனி டின் வாங்கச் சொல்கிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். செய்முறைக்குக் கீழே "இந்த டின்னை இங்கே வாங்குங்கள்" என்று இணைப்பு கொடுக்கிற பலருக்கு ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் உண்டு. அந்த இணைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலோசனையை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ரெடி மிக்ஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. பாக்கெட்டைத் திருப்பி, உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பல நாடுகளின் சட்டப்படி, எடையில் அதிகமாக இருப்பது முதலில் வர வேண்டும். என் சமையல் வகுப்புக்கு ஒரு மாணவி கொண்டுவந்த பாக்கெட்டின் முகப்பில் கதிரும் தானியமுமாக ஓட்ஸ் படம். பின்பக்கத்தில் முதலில் சர்க்கரை, அடுத்து கோதுமை மாவு, மூன்றாவதாகத்தான் ஓட்ஸ். எல்லார் முன்னாலும் சல்லடையில் சலித்துப் பார்த்தோம். 250 கிராம் பாக்கெட்டில் சல்லடையில் தங்கிய ஓட்ஸ் 60 கிராம். வெண்ணெயும் பழமும் நாம்தான் சேர்க்க வேண்டுமாம். அப்படியென்றால் நாம் காசு கொடுத்து வாங்கியது சர்க்கரையும் மாவும். அவை ஏற்கனவே வீட்டு டப்பாவில் இருக்கின்றன. சட்டம் பட்டியலைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போட அனுமதிக்கிறது, படத்தை முன்பக்கம் பெரிதாகப் போடவும் அனுமதிக்கிறது. வாங்குகிறவர் ஏமாறுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி அளவுகளுக்கு வருவோம். முக்கியமானவற்றைக் கிராமில் சொல்கிறேன், ஒரு சின்ன சமையலறைத் தராசு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அது ஒன்றே போதும். கப் கணக்கை நம்பாதீர்கள். அமெரிக்கக் கப் சுமார் 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. டேபிள்ஸ்பூனும் அப்படித்தான்: பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. போதாததற்கு, கப்பால் மாவை நேராக அள்ளினால் ஓர் எடை, ஸ்பூனால் எடுத்துப் போட்டு நிரப்பினால் வேறு எடை. 120 கிராம் வர வேண்டிய இடத்தில் 150 வந்துவிடும். பெரிய டிரேயில் இந்த வித்தியாசம் கரைந்துபோகும். சின்ன டின்னில் அப்படியே தெரியும். செய்முறை எழுதுகிறவர்கள் இன்னமும் எந்த நாட்டுக் கப் என்றுகூடச் சொல்லாமல் எழுதுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கிராமில் எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

200 சதுர செ.மீ. டின்னுக்கு: மைதா 65 கிராம், ஓட்ஸ் 50, பழுப்புச் சர்க்கரை 45, உருக்கிய வெண்ணெய் 55, ஒரு சிட்டிகை உப்பு. நடுவில் வைக்கப் பழம் 150 கிராம், சர்க்கரை 20, சோள மாவு ஒன்றரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். ஆறு துண்டுகள் வரும். சோள மாவு என்று நான் சொல்வது வழுவழுப்பான வெள்ளை மாவை, மஞ்சள் நிற மக்காச்சோள மாவை அல்ல. முட்டை வேண்டாம், பாதி முட்டையை எப்படி அளப்பது என்ற கவலையும் வேண்டாம்.

ஓட்ஸ், தட்டையான முழு ஓட்ஸாக இருக்கட்டும். உடனடி ஓட்ஸ் என்று விற்பது மெல்லியதாக உடைக்கப்பட்டது, வெண்ணெயைக் குடித்துவிட்டுக் குழைந்துவிடும். உடைத்த கெட்டி ஓட்ஸ் பல்லில் கடிபடும். வெண்ணெய் என்றால் வெண்ணெய்தான். அதில் 80 சதவீதத்துக்குமேல் கொழுப்பு இருக்கும். ரொட்டியில் தடவ டப்பாவில் வருகிற சில ஸ்ப்ரெட்களில் கொழுப்பு 40 சதவீதம்தான், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதைப் போட்டுவிட்டு அடி ஏன் நமத்துப்போய் இருக்கிறது என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். டப்பாவில் வெண்ணெய் போலவே படம் இருந்தால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்?

உலர்ந்தவற்றைக் கலந்து, உருக்கிய வெண்ணெயை ஊற்றி, முட்கரண்டியால் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கைரேகை பதிந்து உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் பெரிய துணுக்குகளாக உதிர வேண்டும். அதுதான் பதம். உருண்டையாகவே நிற்கவில்லை என்றால் ஒரு டீஸ்பூன் வெண்ணெய் கூடச் சேருங்கள். இதில் மூன்றில் இரண்டு பங்கை டின்னில் போட்டு, தட்டையான டம்ளர் அடியால் அமுக்குங்கள். மூலைகளை விட்டுவிடாதீர்கள். 180 டிகிரியில் 12 நிமிடம் இந்த அடியை மட்டும் வைத்து எடுங்கள். பச்சை மாவின் மேல் நேராகப் பழத்தைக் கொட்டியிருந்தால், உங்கள் அடி கூழானதற்கு அதுவும் ஒரு காரணம். காற்றைச் சுழற்றும் விசிறியுள்ள ஓவன் என்றால் 160 போதும்.

பழத்தில் சர்க்கரையைக் கடைசி நிமிடத்தில் கலக்குங்கள். முன்கூட்டியே கலந்து வைத்தால் சர்க்கரை சாற்றை வெளியே இழுத்துவிடும், கிண்ணத்தில் ஒரு குளமே நிற்கும். உறையவைத்த பழம் என்றால் சோள மாவை இரண்டு டீஸ்பூன் ஆக்குங்கள்.

பழத்தைப் பரப்பி, மீதி மாவைக் கையால் உதிர்த்துத் தூவி, மறுபடி ஓவனில் வையுங்கள். 25 நிமிடத்துக்குப் பிறகு பக்கத்திலேயே இருங்கள். தடிமன் மாறாதவரை நேரமும் பெரிதாக மாறாது. அளவு பாதி என்பதால் நேரமும் பாதி ஆகாது. ஆனால் எந்த நேரத்தையும் நம்பி இருக்காதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான். ஓவனின் திருகில் 180 என்று இருந்தாலும் உள்ளே 160 இருக்கலாம், 200 இருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது குமிழியை. முதலில் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வேகமாக வரும். அது போதாது. சாறு பளபளப்பாகி, நடுவிலும் பெரிய குமிழிகள் மெதுவாக எழும்பி, ‘பொளக்’ என்று உடைய வேண்டும். சோள மாவு 62 முதல் 72 டிகிரிக்குள் ஊறத் தொடங்கினாலும், கொதிநிலையை நெருங்கினால்தான் முழுதாகக் கெட்டிப்படும். மேலே சிவந்துவிட்டது, நடுவில் குமிழி வரவில்லை என்றால், அலுமினியத் தாளை மேலே லேசாகப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். நிறத்தைப் பார்த்து வெளியே எடுக்காதீர்கள்.

ஆப்பிளும் பேரிக்காயும் மட்டும் இந்த வழிக்கு வராது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்முறைகளில் "விருப்பமான பழம் ஏதேனும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெர்ரியும் பிளம்மும் சூட்டில் தானாகக் குழைந்து, சாறு விட்டு, அந்தச் சாற்றில் சோள மாவு வேகும். ஆப்பிள் துண்டு அப்படிக் குழையாது, சீக்கிரம் சாறும் விடாது. ஈரம் போதாத இடத்தில் சோள மாவு வேகாமல், வாயில் சுண்ணாம்பு போல ஒட்டும். ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டியிருந்தால் அரை மணி நேரத்துக்குப் பிறகும் நடுவில் கடுக்கென்று இருக்கும். அதையும் வேகட்டும் என்று கூடுதலாக விட்டால், துண்டுகள் சுருங்கி, மேல் மாவுக்கும் பழத்துக்கும் இடையில் வெற்றிடம் விழும். வெட்டும்போது மேல் பாதி தனியாகக் கழன்று வரும். அதனால் ஆப்பிள் என்றால் முதலில் வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து, மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் வதக்குங்கள். கத்தி முனை எளிதாக இறங்க வேண்டும், துண்டு உருக்குலையக் கூடாது. சோள மாவை ஒரு டீஸ்பூனாகக் குறைத்து, அந்தச் சூட்டிலேயே எலுமிச்சைச் சாற்றோடு கலந்து, ஆறியபின் அடி மாவின் மேல் பரப்புங்கள். 150 கிராம் என்பது தோல், கொட்டை நீக்கிய, வதக்காத ஆப்பிளின் எடை, வதக்கிய பிறகுள்ள எடை அல்ல. வதக்கப் பொறுமை இல்லையென்றால் பெரிய கண் துருவியில் துருவிப் போடலாம், துருவல் நன்றாக வெந்துவிடும். ஆனால் கடிக்கும்போது துண்டு தட்டுப்படாது. மூன்று மில்லிமீட்டர் சீவல்களாகச் சீவினாலும் வதக்காமல் ஒப்பேற்றலாம். அதைவிடத் தடிமன் என்றால் வதக்கியே ஆக வேண்டும். பேரிக்காய் நன்றாகப் பழுத்திருந்தால் இரண்டு நிமிட வதக்கல் போதும். காயாக இருந்தால் ஆப்பிளைப் போலவே.

சரி, வெளியே எடுத்தாயிற்று. இப்போது வெட்டாதீர்கள். நீங்கள் கூழ் என்று சொன்னதில் ஒரு பங்கு, சூடாக வெட்டியதாலும் வந்திருக்கலாம். சோள மாவு ஆறும்போதுதான் இறுகும், வெண்ணெயும் ஆறினால்தான் மாவைப் பிடிக்கும். ஒன்றரை மணி நேரம் வெளியே, அப்புறம் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். பேக்கிங் தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மொத்தமாகத் தூக்கி, நீளக் கத்தியை நேராக மேலிருந்து கீழே அமுக்குங்கள். ரம்பம் போல இழுத்தால் மேல் மாவு உதிர்ந்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் நான்கு நாள் இருக்கும், மேல் மொறுமொறுப்பு மட்டும் குறையும்; 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் அதுவும் திரும்பி வரும்.

அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 133 என்பது 400-ல் மூன்றில் ஒரு பங்கு. உங்களிடம் உள்ள பழைய செய்முறையைப் பாதியாக்காமல் மூன்றில் ஒன்றாக்கினால், அந்தப் பாத்திரத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும். கண்ணாடி மெதுவாகத்தான் சூடேறும், அதனால் அடி மாவைத் தனியாக வைப்பதை 12-க்குப் பதில் 16 நிமிடம் ஆக்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரத்தை மட்டும் நேராகச் சூடான ஓவனுக்குள் வைத்துவிடாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.