‘எல்லாம் நன்மைக்கே’ என்று எப்போது சொல்லலாம்?

இழப்பு, தோல்வி, நோய் ஆகியவற்றுக்குப் பிறகு வாழ்க்கையை மறுபடி தொடங்குவது பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு எங்கள் மனநல ஆலோசகர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் கணவர் நடத்திவந்த தறிக்கூடம் கடனில் மூழ்கி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டை விற்றுவிட்டு வாடகைக்கு வந்துவிட்டோம். பார்ப்பவர்கள் எல்லோரும் ‘எல்லாம் நன்மைக்கே’ என்கிறார்கள். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. உண்மையிலேயே ஏதாவது நன்மை உண்டா? இருந்தால் என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?
– வாசகி, கரூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. வீடு போனதில் எந்த நன்மையும் இல்லை. அதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் பேசும் ஆறுதல் எல்லாம் பொய்தான். நன்மை என்று ஒன்று வந்தால், நஷ்டத்துக்குப் பிறகு பிழைத்தெழ நீங்கள் படும் பாட்டிலிருந்துதான் அது வரும். அதனால்தான் அதை வெளியிலிருந்து யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். வாழ்க்கையில் பெரிய அடிபட்டவர்களிடம் எந்தெந்த வகையில் மாற்றம் வருகிறது என்று அளக்க 21 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவத்தை 1996-ல் வெளியிட்டார்கள். அதில் ஐந்து வகைகள் உண்டு: மனிதர்களோடு நெருக்கம், புதிய வழிகள் திறப்பது, தன் பலம் தெரியவருவது, வாழ்வின் அருமை புரிவது, ஆன்மிக மாற்றம். ஐந்தும் எல்லோருக்கும் வருவதில்லை. எதுவுமே வராதவர்களும் உண்டு, அது அவர்கள் குற்றமில்லை. இந்த ஆய்வாளர்கள் அழுத்திச் சொன்ன இன்னொன்று: வளர்ச்சி வந்துவிட்டால் வலி போய்விடாது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் துயர நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தார்கள். ‘நான் எவ்வளவோ மாறிவிட்டேன்’ என்று அவர்கள் நினைத்ததற்கும், அளவீட்டில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிய பொருத்தம் இல்லை. ஆகவே நன்மையை மனதின் உணர்வில் தேடாதீர்கள். செய்த காரியங்களில் தேடுங்கள்.

40 பக்க நோட்டு ஒன்று போதும். வாரம் ஒருமுறை, அரை மணி நேரம். இடது பக்கத்தில் போனவற்றை எழுதுங்கள்: வீடு, தொகை, வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள், முகம் திருப்பிக்கொண்ட உறவினர் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ‘நிறைய இழந்தோம்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. வலது பக்கத்தில், கடந்த ஒரு மாதத்தில் நடந்தவை மட்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள்: அது ஒரு செயலாக இருக்க வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் கண்ணால் பார்த்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு முன் நடந்திருக்காததாக இருக்க வேண்டும். ‘தைரியம் வந்தது’ என்பது தேறாது. ‘வங்கியில் நானே உட்கார்ந்து தவணையைக் குறைத்துப் பேசினேன்’ என்பது தேறும். ‘கேட்காமலே தங்கை பிள்ளையின் ஃபீஸைக் கட்டினாள்’ என்பதும் தேறும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்: இடது பக்கத்தை எழுதாமல் தாண்டிவிடுவது. எழுதாத இழப்பு வலது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வரியையும் ‘இது ஒரு பெரிய விஷயமா’ என்று அடிக்கும். இரண்டாவது தவறு, ‘நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா’ என்று எழுதுவது. அது உங்கள் வாழ்க்கையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மூன்றாவது, கணவரோடு சேர்ந்து ஒரே நோட்டில் எழுதுவது. அவர் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. நான்கு வாரம் வலது பக்கம் காலியாகவே இருந்தால் எடுத்து வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்துத் திறவுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் வரி ஏதாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வங்கி, தவணை, கணக்கு என்றே வந்தால், முன்பு கணவர் மட்டும் செய்த ஒரு வேலை உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். மகளிர் குழுவின் கணக்கு எழுதுவதிலோ, ஒரு கடையின் பில் வேலையிலோ அதைப் பயன்படுத்திப் பாருங்கள். ‘நன்மைக்கே’ என்பவர்களிடம், “இப்ப அதக் கேக்கற நெலமையில நான் இல்லீங்க” என்று ஒரு வரி சொன்னால் போதும். விளக்கம் தர வேண்டியதில்லை.

கேள்வி: குரூப் 1 முதன்மைத் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். மனதில் இருப்பதை எழுதினால் பாரம் குறையும் என்றார்கள். தினமும் டைரி எழுதுகிறேன். எழுத எழுத இன்னும் மோசமாகிறது. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: தினமும் எழுதுவதுதான் காரணமாக இருக்கும். இந்த முறைக்கு ஓர் அளவு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் மட்டும் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனம் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. பிறகு நடந்த நிறைய ஆய்வுகளில் பலன் தெரிந்தாலும் அது மிதமானதுதான். பெரிய அற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

டைரியை மூடி வைத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள். அடுத்தடுத்த நான்கு நாள்களைத் தேர்ந்தெடுங்கள். மாலை ஐந்து, ஆறு மணி நல்லது. படுக்கப்போகும் நேரம் வேண்டாம், தூக்கம் கெடும். கதவைச் சாத்திக்கொண்டு அலாரத்தை 15 நிமிடத்துக்கு வைத்து, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதுங்கள். எழுத்துப்பிழை, பேச்சுவழக்கு, ஆங்கிலக் கலப்பு எதையும் திருத்தாதீர்கள். முதல் நாள் நடந்ததையும் உள்ளே எழுந்ததையும் எழுதுங்கள். இரண்டாம் நாள் அந்தத் தோல்வி வேறு எதையெல்லாம் தொட்டது என்று எழுதுங்கள்: அப்பாவின் முகம், நண்பனின் திருமணத்துக்குப் போகாதது, கடன். மூன்றாம் நாள் அதையே பயிற்சி மையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்வதுபோல எழுதுங்கள். நான்காம் நாள், இதிலிருந்து என்ன தெரியவந்தது, அடுத்து எதைத் தொடரலாம், எதை விடலாம் என்று எழுதுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். தாளைக் கிழித்துப் போடலாம். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

எழுதியதில் ‘ஏனென்றால்’, ‘அதனால்தான்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடினால் எழுத்து வேலை செய்கிறது. முதல் நாள் எழுதிய அதே வாக்கியம் நான்காம் நாளும் வந்தால் செக்குமாடு சுற்றுவதுபோல மனம் சுற்றுகிறது. ஐந்தாம் நாள் எழுதாதீர்கள். நடுவில் ஒரு பகுதியைத் தாங்க முடியவில்லை என்றால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேறு விஷயத்துக்குப் போங்கள். தேர்வு முடிவு வந்த முதல் சில வாரங்களில் இந்தப் பயிற்சியே வேண்டாம். அப்போது தேவைப்படுவது சாப்பாடும் தூக்கமும் ஒரு நண்பனும்தான்.

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அரசின் உதவி எண்களான 14416 (டெலி மானஸ் மனநல சேவை) அல்லது 104 (மருத்துவ ஆலோசனை) எண்ணுக்குப் பேசுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம்.

கேள்வி: பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. ஆறு மாதமாக அறையை விட்டு வருவதில்லை. ‘இனி என்னால என்ன பிரயோஜனம்’ என்கிறார். பாட்டு போடுகிறோம், டிவி வைக்கிறோம், எதிலும் ஈடுபாடு இல்லை.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பிடித்ததிலும் நாட்டமின்மை, பசியின்மை, விடிகாலையில் விழிப்பு, அழுகை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தால் சரியாகக்கூடிய ஒன்றை ‘மனசு விட்டுப்போச்சு’ என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்து, நீங்கள் கொடுப்பவை எல்லாம் பொழுதுபோக்கு. அவர் கேட்பது பிரயோஜனம். 1976-ல் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஒரு முதியோர் இல்லத்தில், ஒரு தளத்தில் இருந்தவர்களுக்குச் செடியைக் கொடுத்து, பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்றார்கள். அன்றாடக் காரியங்கள் சிலவற்றை அவர்களே முடிவு செய்யவும் விட்டார்கள். இன்னொரு தளத்தில் செடிக்கு ஊழியர்களே தண்ணீர் விட்டார்கள். பொறுப்பு பெற்றவர்கள் கூடுதல் சுறுசுறுப்பாக, விழிப்பாக ஆனார்கள்.

ஆகவே அப்பா செய்யாவிட்டால் நின்றுபோகும் ஒரு வேலையைக் கொடுங்கள். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் பதிவு, பேரப்பிள்ளையைக் காலையில் எழுப்புவது, இடது கையால் துளசிக்குத் தண்ணீர். முதல் வாரம் ஒன்றே ஒன்று, பத்து நிமிடத்துக்குள் முடியக்கூடியது, நேரம் குறித்தது. அவர் மறந்தால் நீங்கள் செய்துவிடாதீர்கள். ஒருநாள் பால் கணக்கு தவறினால் குடி மூழ்காது. குழந்தையைப் பாராட்டுவதுபோல் கைதட்டவும் வேண்டாம். ‘அப்பா, இந்த மாசம் பாலுக்கு எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்டு, அவர் சொன்ன தொகையை அப்படியே கொடுங்கள். அந்த வேலை பழகிய பிறகு, அறைக்கு வெளியே நடந்து போனால்தான் முடியும் என்கிற இரண்டாவது வேலையைச் சேருங்கள்.

கேள்வி: 48 வயதில் வேலை போய்விட்டது. ‘இது ஒரு வாய்ப்பு’ என்கிறார்கள். எப்படி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதல் பதினைந்து நாள் இதை வாய்ப்பாகப் பார்க்க வேண்டாம், கணக்காகப் பாருங்கள். வாடகை, அரிசி பருப்பு, ஃபீஸ், தவணை, மருந்து ஆகிய ஐந்தையும் கூட்டி, கையில் உள்ள பணத்தை அதனால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். மனைவியோடு உட்கார்ந்து செய்யுங்கள். வேலைக்குப் போவதுபோல் காலையில் கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்காருகிறவர்கள் உண்டு. இந்தக் கணக்கைத் தள்ளிப்போடுவதால் அவர்களுக்குக் கடன்தான் ஏறுகிறது.

எதிர்பாராத நல்லது எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரு பழைய தடயம் இருக்கிறது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தகவல் நெருங்கிய நண்பரிடமிருந்து வரவில்லை, எப்போதாவது பார்க்கும் அறிமுகத்திடமிருந்து வந்தது என்று கண்டார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூரத்து ஆட்கள்தான் வேறு இடத்துச் செய்தியை வைத்திருப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பேசாத இருபது பேரை எழுதுங்கள்: பழைய சப்ளையர், முன்னாள் மேற்பார்வையாளர், ஐடிஐயில் கூடப் படித்தவர். நாளுக்கு இரண்டு பேருக்கு மட்டும் போன். ‘வேலை இருக்கா’ என்று கேட்டால் அவர் ‘இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுவார். ‘உங்க பக்கம் இப்ப எந்த மாதிரி வேலைக்கு ஆள் கிடைக்க மாட்டேங்குது?’ என்று கேளுங்கள். முடிக்கும்போது ‘இன்னும் யாரைக் கேக்கலாம்?’ என்று ஒரு பெயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோழியின் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். என்ன சொல்லி ஆறுதல் தருவது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: காரணம் கற்பிக்கும் எதையும் சொல்லாதீர்கள். ‘கடவுள் கணக்கு’, ‘கஷ்டப்படாமல் போனார்’, ‘பிள்ளைகளுக்காகத் தைரியமாயிரு’ மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். ‘எது வேணும்னாலும் கேளு’ என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ‘நாளைக்கு ராத்திரி சாப்பாடு நான் கொண்டு வரேன்’ என்பதைச் செய்யலாம்.

பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். நீங்கள் அதற்குப் பிறகு போங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, காப்பீட்டுப் பணம் என்று அலைச்சல் தொடங்குவது அப்போதுதான். இறப்புச் சான்றிதழில் குறைந்தது பத்துப் பிரதி எடுத்து, ஒரு ஃபைலில் போட்டு, தாலுகா அலுவலகத்துக்குக் கூடவே போய் வாருங்கள்.